கேப் டவுன் சீல்கள்: டர்பன் உறவினர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

டிசம்பரில் பள்ளி விடுமுறை விட்டதும் டர்பனிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். சாட்ஸ்வொர்த்திலிருந்து 1,600 கிலோமீட்டருக்கு மேல் காரோட்டி, வழியில் ஓர் இரவு தங்கி, பிரியாணிச் சட்டியோடு கேப் டவுனில் நாங்கள் இருக்கும் ரைலண்ட்ஸில் வந்து இறங்குவார்கள். மறுநாள் காலை ஹவுட் பே துறைமுகம். அங்கே படகேறி, டைக்கர் தீவில் கிடக்கும் சீல்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். பெரியம்மா முதல் பால்வாடிப் பிள்ளை வரை எல்லோரும் கேள்வி கேட்பார்கள். நான் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. சனிக்கிழமை தமிழ் வகுப்பும் எடுக்கிறேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் கேட்டவற்றையும் சேர்த்து, மறுபடி மறுபடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கடல்நாயா, கடற்சிங்கமா, நீர்நாயா?

அகராதியில் கடல்நாய் என்று இருக்கிறது. நல்ல சொல்தான். நீர்நாய் வேறு பிராணி. சங்கப் பாட்டில் வாளை மீன் பிடித்துத் தின்னும் நீர்நாய் வருமே, அது ஆங்கிலக்காரர் ஆட்டர் என்று சொல்வது. கேப் டவுன் கரையோரத்திலும் நீர்நாய் வாழ்கிறது. அதனால் இரண்டையும் குழப்பிக்கொண்டால் இங்கே உண்மையிலேயே தப்பாகிவிடும். கடற்சிங்கம் நம் சீலுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் இந்தக் கரையில் கிடையாது. எங்கள் வீட்டில் எல்லோரும் சீல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதையே இங்கும் எழுதுகிறேன். நாம் பார்ப்பதன் முழுப்பெயர் கேப் உரோமச் சீல்.

என் மகள் அபர்டீனில் படிக்கிறாள். அங்கே கடற்கரையில் சாம்பல் சீல்களைப் பார்த்தாளாம். இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. சொந்தம்தான், ஆனால் தூரத்துச் சொந்தம். அடுத்த முறை படகில் போகும்போது காதைப் பாருங்கள். நம் சீலுக்குத் தலையின் இருபுறமும் சுருட்டிய வெற்றிலை போலச் சின்னக் காது நீட்டிக்கொண்டிருக்கும். சாம்பல் சீலுக்கு வெறும் துளை மட்டும்தான். பின் துடுப்பும் வேறு. நம்முடையது அதை முன்பக்கம் மடக்கி ஊன்றி நான்கு காலில் நடக்கும், பாறையில் ஏறும், ஓடவும் செய்யும். சாம்பல் சீலுக்கு அது முடியாது. வயிற்றால் புழுவைப் போல உந்தி உந்தித்தான் தரையில் நகரும்.

பிள்ளை வளர்க்கும் விதம் இன்னும் வேறு. சாம்பல் சீல் தாய் சுமார் 18 நாள்தான் பால் கொடுக்கும். அந்த 18 நாளும் பெரும்பாலும் பட்டினி கிடக்கும். பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. பிறக்கும்போது 14 கிலோ அளவில் இருக்கும் வெள்ளை மயிர்க் குட்டி அந்தப் பாலைக் குடித்து மூன்று மடங்காகப் பெருத்துவிடும். அப்புறம் தாய் விட்டுவிட்டுப் போய்விடும், திரும்பி வராது. நம் கேப் சீல் தாயோ ஏறக்குறைய ஒரு வருடம் கடலுக்கும் கரைக்கும் போய் வந்துகொண்டே பால் கொடுக்கிறது.

சாம்பல் சீல் வட அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பால்டிக் கடலிலும் மட்டும் வாழ்வது. உலகத்தில் உள்ளவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிட்டன் தீவுகளைச் சுற்றித்தான். மிகப் பெரிய கூட்டம் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால், நடுக்கடலில் மணல் திட்டாகக் கிடக்கும் சேபிள் தீவில் இருக்கிறது. உங்கள் மகள் இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளுக்குப் போனால் வெள்ளைக் குட்டிகளைப் பார்க்கலாம். நம் குட்டிகள் கன்னங்கரேலென்று பிறப்பவை.

எவ்வளவு பெரிதாக வளரும்?

ஆண் 2 மீட்டருக்கு மேல் நீளம், 200 முதல் 300 கிலோ எடை. பெண் அதில் கால் பங்குதான் இருக்கும், 60 கிலோ அளவில். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஆணையும் பெண்ணையும் இரண்டு வேறு இனம் என்றே நினைத்துவிடுவார்கள். இதன் அறிவியல் பெயரில் உள்ள புசில்லஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சின்னஞ்சிறியது என்று பொருள். பெயர் வைத்தவர் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு குட்டியின் படத்தைப் பார்த்து வைத்துவிட்டார். உரோமச் சீல் வகைகளிலேயே பெரியது இதுதான், பெயரோ சின்னது என்று நின்றுவிட்டது.

குளிர்ந்த தண்ணீரில் எப்படி நாள் முழுக்கக் கிடக்கிறது? எனக்குக் கால் வைத்தாலே விறைத்துப்போகிறதே.

இரட்டை மயிர். மேலே முரட்டு மயிர், அதன் அடியில் பஞ்சுபோல அடர்ந்த மென்மயிர். அந்த மென்மயிருக்குள் காற்று சிக்கிக்கொள்ளும், தண்ணீர் தோலைத் தொடாது. அடியில் கொழுப்பும் உண்டு. இதற்காகத்தான் மனிதன் இதைக் கொன்றான். கோட்டுக்கும் தொப்பிக்கும் அந்த மென்மயிர் வேண்டியிருந்தது.

இதனால் அதற்கு உண்மையான கஷ்டம் வெயில்தான். டிசம்பர் வெயிலில் பாறைமேல் கிடக்கும்போது துடுப்பை விசிறிபோல ஆட்டும், ஈரமான இடம் தேடி நகரும். தண்ணீரில் ஒரு துடுப்பை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு மிதப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் "அத்தை, டாட்டா காட்டுது" என்பார்கள். அது உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும் வழி.

எங்கெங்கே இருக்கின்றன? ஏன் எப்போதும் தீவுகளையே தேடிப் போகின்றன?

அங்கோலாவின் தெற்கு முனையிலிருந்து நமீபியா வழியாகக் கீழே வந்து, கேப் முனையைச் சுற்றி, கிழக்குக் கேப் மாகாணத்தில் உள்ள அல்கோவா விரிகுடா வரை. உலகத்தில் இந்தக் கேப் சீல் இந்தக் கரையில் மட்டும்தான் உண்டு. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் இதன் கிளை இனம் ஒன்று இருக்கிறது.

நாம் எளிதாகப் பார்க்கக்கூடியது டைக்கர் தீவு. டைக்கர் என்றால் ஆஃப்ரிகான்ஸில் நீர்க்காகம். 100 மீட்டர் நீளம்கூட இல்லாத பாறை, அதில் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக் கிடக்கும். அங்கே பெரும்பாலும் இளசுகளும் ஆண்களும்தான். குட்டி போடும் இடம் என்று அதைச் சொல்ல முடியாது. ஃபால்ஸ் பேயில் சீல் தீவு என்றே பெயருள்ள ஒரு கருங்கல் திட்டு இருக்கிறது, 2 ஹெக்டேர்தான். பருவத்தில் அறுபது, எழுபதாயிரம் சீல்கள் அதில் கூடும். கான்ஸ்பாய் அருகே டயர் தீவுக்குப் பக்கத்தில் கைசர் பாறை. பிளெட்டன்பெர்க் பேயில் ராபர்க் முனை.

தீவு ஏன் என்றால், நிலத்தில் குள்ளநரி வரும், நமீபியப் பக்கம் பழுப்புக் கழுதைப்புலியும் வரும். இரண்டுக்கும் குட்டி என்றால் எளிதான இரை. தண்ணீர் சூழ்ந்த பாறையில் அந்தப் பயம் இல்லை. அப்படியிருந்தும் இன்று மிகப் பெரிய கூட்டங்கள் தீவில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் பெரியது வடக்குக் கேப் மாகாணத்தில் க்ளெய்ன்ஸீ ஊருக்கு அருகே நிலத்திலேயே இருக்கிறது. வைரச் சுரங்கத்துக்காக அந்தக் கரையில் ஆள் நடமாட்டத்தைப் பல பத்தாண்டுகள் தடுத்து வைத்திருந்தார்கள். மனிதன் வராத இடம் கிடைத்ததும் நரிக்குப் பயப்படாமல் சீல்கள் அங்கேயே குடியேறிவிட்டன. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். நரியைவிட நம்மைத்தான் அவை அதிகம் பயந்திருக்கின்றன.

ஒரு காலத்தில் அழிந்தே போயினவா?

கிட்டத்தட்ட. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இந்தக் கடலுக்கு வந்த காலத்திலேயே வேட்டை தொடங்கிவிட்டது. தோல், எண்ணெய், இறைச்சி. தீவில் கிடக்கும் சீலைக் கொல்லத் துப்பாக்கிகூடத் தேவைப்படவில்லை, தடி போதும். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 20-க்கும் மேற்பட்ட தீவுகளில் சீலே இல்லை. மொத்தமும் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. 1893-ல் கேப் அரசு கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்த பிறகு மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் வணிக வேட்டையை 1990-ல் நிறுத்தினார்கள். நமீபியாவில் ஆண்டுதோறும் அளவு குறித்து இன்னும் வேட்டையாடுகிறார்கள்.

ராபன் தீவு என்ற பெயரை எல்லோரும் கேட்டிருப்போம். டச்சு மொழியில் ராபன் என்றால் சீல்கள். சீல் தீவு என்று பெயர் வைத்தவர்களே அங்கிருந்த சீல்களைத் தின்றும் விற்றும் தீர்த்தார்கள். பிற்பாடு அது சிறைத்தீவானது. மண்டேலா தம் 27 சிறை ஆண்டுகளில் 18-ஐ அங்கே கழித்தார். காந்தியோடு சத்தியாகிரகம் செய்த தம்பி நாயுடுவின் பேரன் இந்த்ரஸ் நாயுடு 10 ஆண்டு அங்கே அடைபட்டிருந்தார். படகில் போகும்போது நான் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்வேன்: ஊரின் பேர் எப்படி வந்தது, அங்கே நம் ஆட்கள் எப்படிக் கிடந்தார்கள் என்று.

ராபர்க் என்றாலும் சீல் மலைதான். அங்கும் முற்றிலும் துடைத்தெடுக்கப்பட்டு, 1990-களில்தான் கூட்டமாகத் திரும்பி வந்தன. இப்போது அந்த முனையின் மேலே நடந்துபோனால் கீழே ஆயிரக்கணக்கில் கிடப்பதைப் பார்க்கலாம். திரும்பி வருவதற்கு ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இப்போது எத்தனை இருக்கின்றன? யார் போய் எண்ணுகிறார்கள்?

சுமார் 20 லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பாதிக்கு மேல் நமீபியாவில், மீதி பெரும்பாலும் நம் பக்கம். ஏறக்குறைய 40 இடங்களில் கூட்டம் கூட்டமாக.

எண்ணும் முறை எனக்கு மிகவும் பிடித்த பாடம். பெரிய சீல்களை எண்ண முடியாது, ஏனென்றால் எந்த நேரத்திலும் ஒரு பகுதி கடலில் இருக்கும். குட்டி அப்படி இல்லை. டிசம்பர் நடுவில் அந்த வருடக் குட்டிகள் எல்லாமே பிறந்திருக்கும், ஒன்றுகூட இன்னும் கடலுக்குள் போகப் பழகியிருக்காது, கருப்பாக இருப்பதால் தனியாகத் தெரியும். அந்தச் சமயம் பார்த்து விமானத்திலிருந்து படமெடுத்து, படத்தில் கரும்புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். பாறை இடுக்கிலும் தாயின் அடியிலும் மறைந்தவற்றுக்காக ஒரு திருத்தம் சேர்ப்பார்கள். ஒரு குட்டி இருந்தால் ஒரு தாய் இருக்கும். இன்னும் குட்டி போடாத இளசுகள், ஆண்கள் என்று சேர்த்து, குட்டிக் கணக்கை நான்கு ஐந்து மடங்காகப் பெருக்கினால் மொத்தம் வரும். 1970-களின் தொடக்கத்திலிருந்து இப்படித்தான் செய்கிறார்கள். கல்யாணப் பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை எச்சில் இலையை எண்ணிச் சொல்வார்களே என் ஆயா, அதே கணக்குதான்.

ஆகவே யாராவது "சீல் இருபது லட்சம்" என்றால், அது ஆளாளுக்கு எண்ணிய எண் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மொத்தம் பெரிதாக மாறாமல் இருக்கும்போதே ஒரு தீவில் குறையும், இன்னொரு கரையில் கூடும். மீன் நகர்ந்தால் சீலும் நகரும்.

குட்டி எப்போது பிறக்கும்?

நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் பாதி. அக்டோபரிலேயே பெரிய ஆண்கள் கரையேறி, ஆளுக்கொரு துண்டு பாறையைப் பிடித்துக்கொள்ளும். எல்லையில் நின்று மாரோடு மார் மோதும், கழுத்தைக் கடிக்கும். வாரக்கணக்கில் சாப்பிடப் போகாது. போனால் இடம் போய்விடும். பின்னால் வரும் பெண்கள் அந்த இடங்களில் வந்து சேரும், ஓர் ஆணின் எல்லைக்குள் பத்து இருபது பெண்கள்கூட இருப்பதுண்டு. வந்த ஓரிரு நாளில் ஒரே ஒரு குட்டி பிறக்கும், 5 முதல் 7 கிலோ.

குட்டி பிறந்து ஒரு வாரத்திலேயே தாய் மறுபடி இணை சேர்ந்துவிடும். இதைக் கேட்டதும் எங்கள் சித்தி "ஐயோ பாவம்" என்றார். ஆனால் இங்கேதான் இயற்கையின் கெட்டிக்காரத்தனம். கருவான முட்டை உடனே கருப்பையில் ஒட்டாது. நான்கு மாதம் போல அப்படியே வளராமல் காத்திருக்கும். அப்புறம் ஒட்டி, எட்டு மாதம் வளர்ந்து, அடுத்த டிசம்பருக்குச் சரியாகப் பிறக்கும். கருவளர்ச்சி எட்டு மாதம்தான், ஆனால் கூட்டம் கூடுவது வருடத்துக்கு ஒரு முறை. அந்த இடைவெளியை இந்தக் காத்திருப்புதான் நிரப்புகிறது.

தாய் முதல் வாரம் குட்டியை விட்டு நகராது. பிறகு கடலுக்குப் போய்ச் சில நாள் மேய்ந்துவிட்டு வந்து பால் கொடுக்கும், மறுபடி போகும். மூன்று நான்கு மாதத்தில் கரும்மயிர் உதிர்ந்து சாம்பல் கலந்த பச்சை நிறம் வரும். அதற்குள் கரையோரக் குட்டைகளில் நீச்சல் பழகியிருக்கும்.

அத்தனை ஆயிரத்தில் தாய் தன் குட்டியை எப்படிக் கண்டுபிடிக்கும்?

குரல். நமீபியாவில் இதே கேப் சீல்களிடம் ஒலிப்பதிவு வைத்துச் சோதித்த ஆய்வாளர்கள், பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டி தாயின் குரலை அறிந்துகொள்வதையும், தாயும் அதே நாளில் குட்டியின் குரலைப் பிரித்தறிவதையும் கண்டார்கள். பாலூட்டிகளில் இவ்வளவு சீக்கிரம் நடப்பது அபூர்வம். கடலிலிருந்து ஏறும் தாய் முதலில் ஆட்டுக்கடா போலக் கத்தும். பல குட்டிகள் பதில் சொல்லும், தாய் தன்னுடையது கிடைக்கும்வரை நடந்துகொண்டே கத்தும். நெருங்கியதும் மூக்கால் முகர்ந்து உறுதி செய்துகொள்ளும். தவறான குட்டி பால் குடிக்க வந்தால் கடித்துத் தள்ளிவிடும். பார்க்கக் கஷ்டமாக இருக்கும். இருக்கிற பால் ஒரு குட்டிக்குத்தான்.

கடற்கரையில் தனியாக ஒரு குட்டி கிடந்தால் என்ன செய்ய வேண்டும்?

தள்ளி நில்லுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், கடலுக்குள் தள்ளாதீர்கள், துண்டு போர்த்தாதீர்கள், மீன் கொடுக்காதீர்கள். சும்மா ஓய்வெடுக்க ஏறியிருக்கலாம். டிசம்பர், ஜனவரியில் பெரிய அலை அடித்தால் தாழ்ந்த தீவுகளிலிருந்து குட்டிகள் அடித்துச் செல்லப்படுவதும் உண்டு, அவற்றில் பல பிழைப்பதில்லை. காயமோ, விசித்திரமான நடத்தையோ தெரிந்தால் நகராட்சிக்கோ விலங்கு வதை தடுப்புச் சங்கத்துக்கோ போன் செய்து இடத்தைச் சொல்லுங்கள்.

சீலுக்கு வெறிநோய் வந்திருக்கிறதாமே? உண்மையா?

உண்மை. இதை நான் மிகவும் கவலையோடு எழுதுகிறேன். 2024 ஜூனில் கேப் டவுன் பகுதிச் சீல்களில் வெறிநோய் உறுதியானது. சேர்த்து வைத்திருந்த பழைய மாதிரிகளைச் சோதித்தபோது 2022-லேயே அது இருந்தது தெரியவந்தது. அதற்கு முன் உலகத்தில் கடல் பாலூட்டியில் வெறிநோய் என்று அறியப்பட்டது 1980-ல் வடதுருவப் பக்கம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் ஒரே ஒரு சீல்தான். கூட்டத்துக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவியது இங்கேதான் முதல் முறை. நமீபியாவில் குள்ளநரிகளிடம் உள்ள வைரஸ் வகையோடு இது ஒத்துப்போகிறது. நரி குட்டிகளைப் பிடிக்க வரும் என்று மேலே சொன்னேனே, அந்த வழியாக வந்திருக்கும் என்பதே பொதுவான கருத்து.

சீல் கடித்தால், சின்னக் கீறலாக இருந்தாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அப்படியே நேராக மருத்துவமனை. சீல் கடித்தது என்று தெளிவாகச் சொல்லி வெறிநோய்த் தடுப்பூசி கேளுங்கள். அறிகுறி வந்த பிறகு வெறிநோய்க்கு வைத்தியம் இல்லை, அதற்கு முன் போட்டால் தப்பலாம். கடற்கரைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கயிற்றோடு கூட்டிப்போங்கள், அதற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய் ஊசி இந்த நாட்டில் சட்டப்படியே கட்டாயம்.

என் அக்கா மகன் மூன்று வருடத்துக்கு முன் ஒரு துறைமுகத்தில் தூங்கிக்கொண்டிருந்த சீல் பக்கத்தில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கப் போனான். அது ஒரே பாய்ச்சலில் திரும்பியது. கால்சட்டை கிழிந்ததோடு போயிற்று, தோலில் படவில்லை. அந்த வருடமே நோய் கூட்டத்துக்குள் இருந்திருக்கிறது என்று பின்னால் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதே துறைமுகத்தில் ஒருவர் மீனை வாயில் கவ்விக்கொண்டு சீலைத் தாவவைத்துக் காசு வாங்குவார். பிள்ளைகளைத் தயவுசெய்து அந்தப் பக்கமே கூட்டிப்போகாதீர்கள்.

என்ன சாப்பிடும்? மீனவர்கள் ஏன் இதைத் திட்டுகிறார்கள்?

நெத்திலி, மத்தி, ஹேக், மாஸ்பேங்கர், கணவாய். 200 மீட்டர் ஆழம் வரை முங்குவது பதிவாகியிருக்கிறது, வழக்கமாக அதில் கால் பங்குகூட இருக்காது.

கால்க் பே மீனவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. கைத்தூண்டிலில் ஸ்னூக் மீன் மாட்டி மேலே வரும்போது சீல் பாதியைக் கடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது தலை. ஒருநாள் கூலி அந்தத் தலையோடு போகும். ஆனால் சீலைக் குறைத்தால் மீன் பெருகும் என்ற கணக்கு அத்தனை எளிதில்லை. சீல் தின்பதில் பெரிய மீன்களும் உண்டு, அந்தப் பெரிய மீன்களும் சின்ன மீனைத் தின்பவைதான்.

பறவைகளையும் தின்னுமா?

சில தின்னும், பெரும்பாலும் இள ஆண்கள். லாம்பர்ட்ஸ் பேயின் பறவைத் தீவில் 2005-06 பருவத்தில் சீல்கள் தாக்கியதால் கேனட் பறவைகள் மொத்தக் கூட்டையும் விட்டுப் பறந்துவிட்டன. சீலும் பாதுகாக்கப்பட்டது, அழிந்துவரும் பறவையும் பாதுகாக்கப்பட்டது. அங்கே அதிகாரிகள் தொல்லை செய்யும் குறிப்பிட்ட சீல்களைச் சுட வேண்டி வந்தது. எனக்கு இதில் சுலபமான பதில் இல்லை. அவ்வளவு சின்னத் தீவில் இரண்டுக்கும் இடம் போதவில்லை, மீனும் போதவில்லை.

சுறா பாய்ந்து சீலைப் பிடிக்கும் வீடியோ பார்த்தோமே. அதைப் பார்க்க முடியுமா?

அந்தக் காலம் போய்விட்டது. ஃபால்ஸ் பேயின் சீல் தீவில் குளிர்காலத்தில் வெள்ளைச் சுறா தண்ணீருக்கு மேலே எழும்பிச் சீலைக் கவ்வுவதை உலகமே பார்த்தது. 2015-க்குப் பிறகு சுறா குறைந்து, பத்தாண்டு முடிவதற்குள் அங்கே காணாமலே போய்விட்டது. 2017-ல் கான்ஸ்பாய் பக்கம் ஈரல் மட்டும் பிடுங்கப்பட்ட வெள்ளைச் சுறாக்கள் கரையொதுங்கின. துடுப்பு வளைந்த இரண்டு ஓர்க்காக்கள், அதாவது கொலைத் திமிங்கிலங்கள்தான் காரணம் என்று கண்டார்கள். போர்ட், ஸ்டார்போர்ட் என்று அவற்றுக்குப் பெயர். வெள்ளைச் சுறாவுக்கு இரையாகும் சின்னச் சுறாக்களை மீன்பிடித் தூண்டில் குறைத்துவிட்டது, டர்பன் கரையில் 1952-லிருந்து போட்டிருக்கும் சுறா வலைகளும் பெரிய சுறாக்களைத் தொடர்ந்து கொன்றுவருகின்றன என்பவர்களும் உண்டு. எனக்கு எல்லாமே சேர்ந்துதான் என்று படுகிறது.

சுறா போனதும் சீல் தீவில் நடந்ததை 2025-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. சீல்கள் பெருகின, ஏழு செவுள் சுறா என்ற இன்னொரு சுறாவும் அங்கே வந்து சேர்ந்தது. அவை தின்னும் மீன்களும் சின்னச் சுறாக்களும் குறைந்தன. முன்பு தீவைவிட்டுத் தனியாக நீந்த அஞ்சிய சீல் இப்போது நிதானமாக மிதக்கிறது.

கழுத்தில் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறதே?

பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டை, தூண்டில் நரம்பு, வலைத் துண்டு. இளசாக இருக்கும்போது விளையாட்டாகத் தலையை நுழைக்கும். வளர வளரக் கழுத்து பருக்கும், பட்டை பருக்காது. தோலை அறுத்துச் சதைக்குள் போகும். கேப் டவுன் வாட்டர்ஃபிரண்டில் உள்ள டூ ஓஷன்ஸ் மீன்காட்சியகத்தின் ஆட்கள், சீல்கள் ஏறிப் படுக்கும் மேடைக்கு அடியிலிருந்து சத்தமில்லாமல் போய் அதை அறுத்துவிடுகிறார்கள். நாம் செய்யக்கூடியது, பட்டையைக் குப்பையில் போடும் முன் கத்தரித்து வளையத்தைத் திறந்துவிடுவது. எங்கள் வீட்டில் இது இப்போது பிள்ளைகள் வேலை.

ஏன் இவ்வளவு நாற்றம்?

மீன் தின்ற ஆயிரக்கணக்கானவை மழையில்லாத கோடையில் ஒரே பாறையில் மலம் கழிக்கின்றன. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் நாளில் தெரியாது.

டர்பனிலேயே பார்க்க முடியாதா?

ஜூன், ஜூலையில் மத்தி மீன் பெருங்கூட்டமாகக் கரையோரம் வரும் மத்தி ஓட்டத்தின்போது சில சீல்கள் கூடவே வரும். கரைவலை இழுக்கும் நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில் வலை இழுத்த குடும்பங்கள் அவை. டால்ஃபின், கேனட், சுறா எல்லாம் மத்தியின் பின்னால் வருவதையும், நடுவில் ஒரு சீல் தலை எட்டிப் பார்ப்பதையும் சொல்வார்கள். ஆனால் அங்கே கூட்டம் கிடையாது. எப்போதாவது தெற்கே வெகுதூரத் தீவிலிருந்து வழி தவறியது ஒன்று கரையேறும்.

அந்த வெகுதூரத் தீவு எது?

மேரியன் தீவு. கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே 2,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பக்கத்தில் இளவரசர் எட்வர்ட் தீவு. இரண்டும் 1947-48-ல் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்தன. ஊர் கிடையாது, ஆராய்ச்சி நிலையம் மட்டும். வருடத்துக்கு ஒரு முறை அகுல்ஹாஸ் 2 என்ற கப்பல் புது ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிப் பழைய ஆட்களை ஏற்றி வரும்.

அங்கே யானைச் சீல் உண்டு. ஆண் 3 டன்னும் தாண்டும், மூக்கு தும்பிக்கை போலத் தொங்கும். 40 கிலோவில் பிறக்கும் குட்டி மூன்று வாரப் பாலில் 120 கிலோ ஆகும். வருடத்தில் பெரும்பகுதி நடுக்கடலில். ஆயிரம் மீட்டருக்கும் கீழே முங்கி மீனும் கணவாயும் தேடும். குட்டி போட ஒரு முறை, பழைய தோலும் மயிரும் உதிர்க்க ஒரு முறை என்று இரண்டு தடவைதான் பெண்கள் நீண்ட நாள் கரையில் கிடக்கும்.

எங்கள் பகுதிப் பெண் ஒருத்தி, என்னிடம் படித்தவள், அங்கே 13 மாதம் சீல் வேலை செய்தாள். 1983-லிருந்து ஒரு வருடம் விடாமல் ஒவ்வொரு யானைச் சீல் குட்டிக்கும் பின் துடுப்பில் இரண்டு பிளாஸ்டிக் அட்டை குத்துகிறார்கள். அதற்குப் பிறகு மழையிலும் சேற்றிலும் கரை கரையாக நடந்து, எந்த எண் திரும்பி வந்தது என்று குறித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு பெண் சீல் எத்தனை வயதில் முதல் குட்டி போட்டது, எத்தனை போட்டது, எந்த வருடம் வரவில்லை என்று முழு வாழ்க்கையும் ஏட்டில் இருக்கிறது. தீபாவளியன்று அவள் நிலையத்தில் உளுந்து இல்லாமல் கடலைப்பருப்பு வடை சுட்டுக் கொடுத்திருக்கிறாள். அன்றுதான் கடற்கரையில் கடைசிக் குட்டிகளைத் தாய்கள் விட்டுப் போய்க்கொண்டிருந்தனவாம். பால் குடித்துப் பீப்பாய் போல உருண்டிருந்தவை பசியோடு மணலில் கிடந்து, தாமாகவே நீந்தக் கற்றதைப் பார்த்தேன் என்றாள்.

அந்தத் தீவில் யானைச் சீல் 1951-லிருந்து 1990-கள் வரை நூற்றுக்கு 80-க்கும் மேல் குறைந்தது. யாரும் வேட்டையாடவில்லை. வளர்ந்த பெண்களுக்குக் கடலில் போதிய இரை கிடைக்காததே முக்கியக் காரணம் என்று அந்த அட்டைக் கணக்குகள்தான் காட்டிக்கொடுத்தன. பின்பு சரிவு நின்று சிறிது ஏறியது. அதே தீவின் உரோமச் சீல்களோ 19-ஆம் நூற்றாண்டு வேட்டையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குப் போய், பிறகு பல்லாயிரமாகப் பெருகின.

வேட்டைக்கு வந்த கப்பல்கள் இன்னொன்றையும் விட்டுப்போயின: சுண்டெலி. இருநூறு வருடம் கழித்து இன்று அந்த எலிகள் கூட்டில் உட்கார்ந்திருக்கும் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. அவற்றை ஒழிக்கப் பெரிய திட்டம் நடந்துவருகிறது.

பாட்டியையும் கைக்குழந்தையையும் ஹவுட் பே படகில் கூட்டிப் போகலாமா?

போகலாம். சுமார் 40 நிமிடம். தீவில் இறங்க முடியாது, சுற்றி வந்து நிறுத்திக் காட்டுவார்கள். காலையில் முதல் படகைப் பிடியுங்கள், மதியத்துக்குமேல் கோடைக் காற்று எழும்பும். அலை பெரிதாக இருந்தால் படகு போகாது, அன்று சண்டை போடாமல் வாட்டர்ஃபிரண்டுக்குப் போய் மேடையில் படுத்திருப்பவற்றைப் பாருங்கள். பாட்டிக்கு ஸ்வெட்டரும் ஒரு துண்டு இஞ்சியும் எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் பெரிய அலை தூக்கிப் போடும், அதற்குள் பிரியாணி சாப்பிட்டிருக்கக் கூடாது.